டொக்டொக் அண்ணியின் கம்பு

எங்கள் அண்ணிக்கு வேலையிடத்தில் 'டொக்டொக்' என்று பெயர். நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டுவிட்டு அவளிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். அதுவும் அவளுக்குத் தெரியும். "கூப்பிட்டுக்கட்டும். டொக்டொக்னு சத்தம் கேட்கிற வரைக்கும் நமக்கு நல்லது. உஸ்ஸுனு கேட்டாத்தான் வம்பு" என்பாள்.

நானும் அண்ணியும் வேலை பார்ப்பது ஒரு சோலார் மின் நிலையத்தில். பேர்தான் பெரிசு. வெட்டவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாக வெயிலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். அவை நின்ற இடத்திலேயே மின்சாரம் எடுத்துவிடும். அவற்றின் மேல் படிகிற தூசியைக் கழுவுவதும் காலடியில் வளர்கிற புல்லை வெட்டுவதும் எங்கள் பாடு. பலகைக்குக் கீழே நிழல், நிழலில் புல், புல்லுக்குள் எலி. எலி இருக்கிற இடத்தைத் தேடி யார் வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அண்ணி எங்களுக்கு முன்னால் நடப்பாள். கையில் தோள் உயரத்துக்கு ஒரு கம்பு. நாங்கள் ஒரு வரிசைக்குள் கால் வைப்பதற்கு முன்னால் அவள் போய்த் தரையைத் தட்டுவாள், பலகை நிற்கிற இரும்புக் காலைத் தட்டுவாள், ஒயர் போகிற பள்ளத்தின் மூடியைத் தட்டுவாள். உள்ளே இருப்பது கிளம்பிப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் நிற்பாள். அப்புறம்தான் எங்களை விடுவாள். வெயில் ஏறுவதற்குள் முடித்துத் தொலைக்கலாம் என்று நாங்கள் பறந்துகொண்டிருப்போம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது.

"அண்ணி, அது துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுச்சா? நாங்க வரலாமா?" என்று கத்துவேன்.

"உன் குரலுக்கே பாதி ஓடியிருக்கும். மிச்சம் இருக்கிறதுக்குத்தான் இந்தக் கம்பு" என்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவள் போட்ட சட்டங்கள் கொஞ்சமா நஞ்சமா? பூட்ஸைக் கழற்றினால் கம்பியில் தலைகீழாக மாட்ட வேண்டும், காலையில் உதறிவிட்டுத்தான் போட வேண்டும். கையுறை கொடியில் தொங்க வேண்டும். மிச்சச் சாப்பாட்டை நாங்கள் உட்காருகிற கொட்டகைப் பக்கம் கொட்டினால் தொலைந்தோம், எலி வருமாம். கல்லோ குழாயோ தார்ப்பாயோ, குவிந்து கிடக்கிற எதையும் தட்டாமல் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே வண்டிச் சட்டம். எங்களை ஏற்றி வருகிற வேன், காலையில் வந்ததும் திரும்பி, வாசலைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். சாவி அதிலேயே தொங்க வேண்டும். டீ வாங்கவும் அதை எடுக்கக் கூடாது. டிரைவர் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் முன்னால் என்று வண்டியைத் திருப்புவார். "நான் என்ன பொண்ணு பார்க்கவா வந்திருக்கேன், முகத்தைத் திருப்பி நிறுத்த?" என்று அவர் முணுமுணுப்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குளியலறை வாளியைத் தட்டுவாள். செருப்பைத் தட்டுவாள். துணி அலமாரியைக்கூட ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் திறப்பாள். அண்ணன் மிக்ஸியும் ஃபேனும் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். வீட்டில் அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது. "என்னையும் நல்லாத் தட்டிப் பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்பான். "தட்டிப் பார்த்திருந்தா கட்டியிருக்கவே மாட்டாங்க" என்று நான் சொல்வேன். அண்ணி சிரிப்பாள்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்த்திருக்கிறாள். கூட வேலை பார்த்த பெண் செங்கல் அடுக்கைத் தூக்கும்போது கையில் பாம்பு கடித்துவிட்டது. ஆளாளுக்கு ஓடி வந்து, விஷம் ஏறாமல் இருக்கட்டும் என்று தோளுக்குக் கீழே கயிறு போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒருவர் பிளேடால் கீறியிருக்கிறார். இன்னொருவர் தூங்கவிடாதீர்கள் என்று அந்தப் பெண்ணை அங்கேயும் இங்கேயும் நடக்க வைத்திருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உயிர் பிழைத்தது, கை போய்விட்டது. இத்தனை நேரம் ரத்தம் ஓடாமல் இறுக்கிக் கட்டியதால்தான் கை அழுகிவிட்டது என்று டாக்டர் திட்டியிருக்கிறார். அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் அண்ணியும் ஒருத்தி. இதைச் சொல்லும்போது அவள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் மாதத்துக்கு ஒருமுறை எங்களுக்கு ஒத்திகை. ஒருத்தர் கடிபட்டவராகப் படுக்க வேண்டும். ஒருவர் அந்த ஆளின் கையில் இருக்கிற வளையல், மோதிரத்தைக் கழற்ற வேண்டும், ஒருவர் கட்டை வைத்துத் தளர்வாகக் கட்ட வேண்டும், நான்கு பேர் தார்ப்பாயில் தூக்க வேண்டும், சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வதுபோல் பேச வேண்டும். படுக்கிற ஆள் எப்போதும் நான்தான். "உன்னைத் தூக்கிட்டாங்கன்னா உலகத்துல யாரையும் தூக்கிடுவாங்க" என்று அண்ணி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் படுத்துக்கொண்டே கூலி வாங்குவது கசக்குமா? படுத்தேன். ஒவ்வொருவர் என்ன செய்கிறார்கள், எங்கே தப்புவிடுகிறார்கள் என்பதைக் கீழே கிடந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். எழுந்து உட்கார்ந்தால் தலையில் ஒரு குட்டு விழும். "கடிபட்ட ஆளு அசையக் கூடாது! நடக்கக் கூடாது! பேசக் கூடாது!" கடைசிச் சட்டம் எனக்காகவே சேர்த்தது என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம், தட்டித் தட்டிக் கம்பின் முனை பிளந்துவிட்டது என்று அண்ணி அதை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கினாள். பிறகு வழக்கம்போல் கொட்டகைச் சுவரோரம் அதன் இடத்தில் வைத்தாள். அதன் இடம் என்றால், மழையில் நனைந்து உளுத்துப் போகாமல் இருக்க அவளே தரையோடு படுக்க வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. கம்பை அதற்குள் நீட்டிவிடுவாள், பிடி மட்டும் வெளியே தெரியும். அன்றைக்குக் கம்பு குட்டையாகிவிட்டதால் பிடியும் உள்ளே போய்விட்டது.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நிழலான சுவரோரம், தரையில், இரண்டு பக்கமும் வாய் திறந்த குழாய்! இதே குழாய் வேறு எங்கே கிடந்திருந்தாலும் அண்ணி சாமியாடியிருப்பாள். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கம்பால்தான் தட்டினோம். கம்பு இருக்கிற இடத்தை எதைக்கொண்டு தட்டுவது? எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவே இல்லை, அவள் உட்பட.

வேன் வந்து, திரும்பி, வாசலைப் பார்த்து நின்றது. நான் பூட்ஸை உதறிக்கொண்டிருந்தேன். அண்ணி குனிந்து குழாய்க்குள் கையை விட்டாள். "ஆ" என்று ஒரு சின்னச் சத்தம். கையை வெடுக்கென்று இழுத்தாள். ஆள்காட்டி விரலுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளிகள். குழாயின் மறுபக்கம் பழுப்பு நிறத்தில், முதுகில் பட்டை பட்டையாக, கை நீளம்கூட இல்லாத ஒன்று வெளியே வந்து புல்லுக்குள் போனது.

டிரைவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார்.

"அதை விடுங்க!" என்று அண்ணி அதட்டினாள். "நீங்களும் கடி வாங்கிட்டா வண்டிய யாரு ஓட்டுவா?"

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அதுவரைக்கும் சரி. அடுத்து அண்ணி செய்ததைக் கேளுங்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க வேலையப் பாருங்க. நான் ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கையை உதறிக்கொண்டே வேனைப் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டாள்! கடிபட்டவர் நடக்கக் கூடாது என்று எங்கள் உயிரை எடுத்தவள்!

எனக்கு ஈரக்குலை நடுங்கியது. ஆனால் வாய் நடுங்கவில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் 'வாங்க போங்க' என்று மட்டுமே பேசிய வாய் அது.

"ஏய்! எங்க போற? படு!"

அண்ணி திரும்பினாள். ஒரு நிமிடம் அவள் யாரோ, நான் யாரோ என்பது போலப் பார்த்தாள். பிறகு நின்ற இடத்திலேயே படுத்தாள்.

அதற்கப்புறம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வளையலையும் வாட்சையும் நான் கழற்றினேன். மோதிரம் வரவில்லை, விரல் அதற்குள் தடித்துவிட்டது. கை கழுவுகிற சோப்பைக் குழைத்துப் பூசி, திருகித் திருகி எடுத்தேன். வைக்க இடமில்லாமல், அந்தச் சோப்பு வழுக்கலோடு என் சுண்டுவிரலிலேயே போட்டுக்கொண்டேன். கையை நீட்டி, அடியில் பலகைத் துண்டு வைத்து, துணியால் கட்டினோம்.

"இறுக்காதே" என்றாள் அண்ணி.

"தெரியும். பேசாதே" என்றேன்.

தூக்கினார்கள் பாருங்கள், என் எடைக்குப் பழகிய நாலு பேர்! அண்ணியோ ஒல்லி. தார்ப்பாயோடு ஆளையும் வானத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று இருந்தது. சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். "பக்கத்துல இருக்கிற சின்ன கிளினிக் வேணாம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்க. விஷமுறிவு மருந்து இருக்கு, கேட்டுட்டேன். தயாரா இருக்காங்க" என்றார். டிரைவர் சாவியைத் தேடவில்லை, வண்டியைத் திருப்பவில்லை. உட்கார்ந்தார், மிதித்தார், வாசல் தாண்டிவிட்டோம்.

வழியில் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையை என் மடியில் ஏந்திக்கொண்டேன். வீக்கம் மணிக்கட்டுக்கு வந்திருந்தது. அண்ணி எச்சிலைத் துணியில் துப்பினாள். அது சிவப்பாக இருந்தது. ஈறிலிருந்து ரத்தம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னும் மிதித்தார்.

"பாப்பாவுக்கு இன்னிக்குப் பரீட்சை. முடியற வரைக்கும் சொல்லாதே" என்றாள் அண்ணி. அவள் மகளுக்கு அந்த வருடம் பெரிய பரீட்சை. "நான் ஒருவேளை..."

"வாயை மூடுங்க அண்ணி! பேசக் கூடாதுன்னு சட்டம் போட்ட மகராசி யாரு?" என்று கத்தினேன். கத்தாவிட்டால் அழுதிருப்பேன். எனக்கு அண்ணன் ஒருவன்தான், ஆனால் வீட்டில் எதுவென்றாலும் நான் ஓடுவது அவளிடம்தான். எனக்குப் பிரசவ வலி வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தக் கைதான் இப்போது என் மடியில் உப்பிப்போய்க் கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் அம்மா கையைப் பார்த்தார், மேலே தோள் வரைக்கும் தடவிப் பார்த்தார். "கயிறு கட்டலையே? கீறலையே? நல்லது" என்று சொல்லி, கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அசையாமல் நிறுத்தி வைத்தார். அது உறைய வேண்டுமாம். உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் வேலையைக் காட்டுகிறது என்று அர்த்தமாம். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் வந்து குழாயைச் சாய்த்தாள். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

மருந்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே அண்ணிக்குக் குளிர் கண்டு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். சிலருக்கு இந்த மருந்து அப்படிச் செய்யும், அதற்கும் ஊசி இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

அண்ணன் கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தான். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர், கையெல்லாம் கிரீஸ். உள்ளே விட்டபோது குளிர் அடங்கி அண்ணி கண்ணைத் திறந்திருந்தாள். ஊரையே சிரிக்க வைக்கிற என் அண்ணன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் கேட்டானே ஒரு கேள்வி:

"நீ தட்டிப் பார்க்கலையா?"

"தட்டுற கம்பை எடுக்கத்தான் கையை விட்டேன்" என்றாள் அண்ணி.

அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சிரித்தானா அழுதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் மறுபடியும் ரத்தம் எடுத்து, மறுபடியும் கண்ணாடிக் குழாயில் நிறுத்தினார்கள். நானும் அண்ணனும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வந்தான், அது ஆடிவிடக் கூடாது என்று. பரீட்சை முடித்து வந்த பாப்பா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய வாய் இருந்து என்ன பிரயோஜனம்?

டாக்டர் அம்மா வந்தார். குழாயை எடுத்தார், மெதுவாகச் சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். அப்போதும் அப்படியே நின்றது.

"உறைஞ்சிடுச்சு. இனி பயம் இல்ல" என்றார்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் பாப்பாவைக் கட்டிக்கொண்டான். பாப்பா என்னைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் டீ வாங்க ஓடினார்.

"ஆஸ்பத்திரிங்க இது! ஒப்பாரியா வைக்கிறீங்க?" என்று நர்ஸ் அதட்டினாள்.

"அவ அழுதாலும் அப்படித்தான், சிரிச்சாலும் அப்படித்தான்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏம்மா, என்னை என்னமோ 'ஏய், படு'ன்னியே?"

"ஆமா, சொன்னேன். அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. என் மோதிரம் எங்க?"

கையை நீட்டினேன். இப்போது அது என் விரலிலிருந்து வர மாட்டேன் என்றது! அவள் விரல் என் விரலில் பாதிதான். இழுத்துப் பார்த்தேன், அண்ணன் இழுத்துப் பார்த்தான். கடைசியில் அதட்டிய அதே நர்ஸ்தான் சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். அண்ணி வலியோடு சிரித்தாள். அவ்வளவு அழகாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கை தேறப் பல வாரம் பிடித்தது. தோல் உரிந்தது, விரல் மடங்க மறுத்தது, பந்தை அமுக்கி அமுக்கிப் பழக்கினாள். அதுவரைக்கும் கம்பு என் கையில். நான் தட்டிய தட்டில் வேலை மெதுவாகிறது என்று எல்லாரும் புலம்பினார்கள். புலம்பட்டும். டிரைவரோ சொந்த வீட்டு வாசலிலும் வண்டியைத் தெருவைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார் என்று கேள்வி.

அண்ணி திரும்பி வந்த காலையில் முதலில் சுவரோரம் போய்ப் பார்த்தாள். குழாய் இல்லை. நெஞ்சு உயரத்தில், வெளிச்சத்தில், இரண்டு கொக்கிகள், அவற்றின்மேல் கம்பு. கொக்கியை ஆட்டிப் பார்த்தாள்.

"யாரோட யோசனை?"

"ஏன், எனக்கெல்லாம் மூளை இருக்கக் கூடாதா?"

"குழாய் எங்க?"

"டிரைவர் உடைச்சு நொறுக்கிட்டார். பாம்பு மேல இருந்த கோபம்."

அன்றைக்கே ஒத்திகையும் வந்தது. நான் வழக்கமான இடத்தில் படுக்கப் போனேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வேணாம். நீ படுக்காதே. வேற யாராவது படுங்க" என்றாள். "உன்னை அப்படிக் கிடத்திப் பார்க்க என்னால முடியாது."

"நான் படுக்கட்டுமா?" என்றார் டிரைவர்.

"நீங்க படுத்தா வண்டிய யாரு ஓட்டுவா?" என்றோம் எல்லாரும் ஒன்றாக.

"அண்ணி, என்னைத் தூக்கிப் பழகினதாலதான் அன்னிக்கு உங்களை அப்படித் தூக்கினாங்க" என்றேன். "நான்தான் படுப்பேன்."

அண்ணி கம்பை இடது கைக்கு மாற்றினாள். வலது கை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. நான் படுக்க வேண்டிய தரையைத் தட்டினாள். சுற்றிலும் தட்டினாள். தள்ளிப் போய்ப் புல்லைத் தட்டினாள், திரும்பி வந்து முதலில் தட்டிய இடத்தையே மறுபடியும் தட்டினாள். நான்கு பேரும் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்கள்.

"போதும் அண்ணி, பூமிக்கு வலிக்கப் போகுது" என்றேன்.

"வலிக்கட்டும்" என்றாள் அண்ணி.